நாலாவது ஆள்

சுபாஸ்கரன் தன் கைவேலையை மறக்கிற ஆள் இல்லை. கொடிகாமத்துக் கராஜ் ஒன்றில் பதினாறு வருடமாக நசுங்கிய கார்களை நிமிர்த்துகிறவன். அந்தச் சனிக்கிழமை காலை வெள்ளைச் சின்னக் கார் ஒன்று அவன் வீட்டுப் படலையில் வந்து நின்றது. புத்தூர் இராசமலர் மாமியின் மகன் பார்த்தீபன் பல்லெல்லாம் தெரிய இறங்கினான்.

"எப்பிடி மச்சான்? ரவுணிலை வாங்கினது. ஒரு கீறல் இல்லை!"

சுபாஸ்கரன் பின் கதவைத் திறந்தான். பழக்கதோசத்தில் கதவு விளிம்பின் ரப்பரை நெம்பி விரலை விட்டான். ஒரு தழும்பு தட்டுப்பட்டது. அது அவனே பிடித்த வெல்டிங்.

மூன்று மாதத்துக்கு முன் முதலாளி இரண்டு கார்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றுக்கு முகம் இல்லை, மற்றதுக்கு முதுகு இல்லை. நல்ல பாதிகள் இரண்டையும் ஒட்டச் சொன்னார். சின்னக் காரின் தகடு ஏற்கெனவே கடதாசி மாதிரி. அதை நடுவில் வெட்டி, அங்கங்கே மட்டும் வெல்டிங் பொட்டு வைத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுத்தான். வெடித்துப்போன காற்றுப்பைக்குப் பதிலாக வெறும் மூடியை ஒட்டியவனும் அவன்தான். இடிபட்டால் பின் சீற்றுக்கு முன்னால் இரண்டாகப் பிரியும் என்று அவனுக்குத் தெரியும். கார் கொழும்புக்குப் போகிறது என்றார் முதலாளி. "வெளியிலை தெரிஞ்சால் முதல் உள்ளுக்குப் போறது வெல்டிங் பிடிச்சவன்தான்" என்று சிரித்துக்கொண்டும் சொன்னார்.

முன் சீற்றில் மாமா இருந்தார். பின்னாலிருந்து இராசமலர் மாமி தலையை நீட்டினாள்.

"கிளிநொச்சிக்குப் பொம்பிளை பாக்கப் போறம். நல்ல காரியத்துக்கு மூண்டு பேராப் போகக்கூடாதெல்லே. ஆரணியை விடு தம்பி, நாலாவது ஆளா வரட்டும்."

அவன் மகள் ஆரணி அதற்குள் சட்டை மாற்றிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

கிளிநொச்சிக்குப் போகிற கண்டி வீதியில் பஸ்காரர் ஓடுகிற ஓட்டம் ஊருக்கே தெரியும்.

"மாமி, இந்தக் கார்..."

"காருக்கு என்ன?" பார்த்தீபனின் முகம் சுருங்கியது.

"வடிவா இருக்கு."

பாவி, அதைத்தான் சொன்னான். பிறகு மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "பிள்ளைக்கு இரவு முழுக்கக் காய்ச்சல் மாமி. விடேலாது. இன்னொரு நாள் போங்கோவன். திங்கக்கிழமை காரைக் கொண்டு வா மச்சான், ஒருக்காப் பாத்துத் தாறன்."

மாமியின் முகம் கறுத்தது. மூன்று பேராக அவள் படி தாண்டமாட்டாள். பயணம் நின்றுவிடும், திங்கட்கிழமை கராஜைப் பூட்டிவிட்டுத் தகடு வைத்து இறுக்கிவிடலாம் என்று நினைத்தான். மூச்சும் வந்தது.

"ஏன் மாமி, எங்கடை தக்சாயினி வருவாளே!"

வேலிக்கு அப்பால் நின்ற தனுஷாவின் குரல் அது. அடுத்த வீட்டுக்காரி, நல்ல மனுசி. அவன் வாய் திறக்குமுன் அவளுடைய ஆறு வயது மகள் முகம் கழுவி, பவுடர் பூசி, மாமிக்குப் பக்கத்தில் ஏறிவிட்டாள். சுபாஸ்கரன் கதவைப் பிடித்தபடி நின்றான். இப்போது சொல்லலாம். ஒரு வசனம் போதும்.

"பிள்ளைக்கு பெல்ட்டைப் போட்டுவிடுங்கோ" என்றான்.

"கதவை விடு மச்சான். பத்து மணிக்குள்ளை போய் இறங்கோணும், நேரம் போகுது. ஒரே இழுவையா இழுக்கிறன்."

அவன் கையை எடுத்தான். கார் ஒழுங்கையைத் தாண்டிக் கண்டி வீதிப் பக்கம் திரும்பியது. தனுஷா அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, கார் மறையும்வரை கை காட்டினாள்.

"பிள்ளை இண்டைக்குத்தான் முதல்முதல் காரிலை போறாள் அண்ணை. உங்கடை ஆரணியின்ரை இடம் எங்கடையவளுக்குக் கிடைச்சுது."

"ஓம்" என்றான் சுபாஸ்கரன்.