பரிசு வாங்கிய புல்தரை

காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்த வெர்னாவின் மூக்கில் களைக்கொல்லி நாற்றம் குப்பென்று ஏறியது. அவள் கணவன் எல்லிஸ் முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, புல்தரையில் பூத்திருந்த மஞ்சள் டேன்டலியன் களைப்பூக்களை ஒன்றுவிடாமல் நனைத்துக்கொண்டிருந்தான். மே பிறந்தும் அமெரிக்காவின் மெய்ன் கடலோரத்தில் குளிர் விடவில்லை. எங்கும் வேறு பூ அவ்வளவாக இல்லை.

"என்னய்யா இது அசிங்கம்? வேலியோரம் பூத்திருந்த வில்லோ மரத்தையும் வெட்டிட்டியா?"

"தோட்டச் சங்கத்துக்காரங்க முற்றம் பார்க்க வர்றாங்கடி. 'ஊரிலேயே அழகான முற்றம்' பலகை இந்த வருஷம் நம்ம வாசல்லதான்! போட்டியில இருக்கிற எல்லாரும்தான் மருந்து அடிக்கிறாங்க."

மொசுமொசுவென்ற குண்டுத் தேனீ ஒன்று தள்ளாடி வந்து அவள் காலடியில் விழுந்தது.

"ஐயோ, ராணிய்யா இது! குளிர்காலம் பூரா மண்ணுக்குள்ள தூங்கி இப்பத்தான் எந்திரிச்சிருக்கு. பறந்து திரிஞ்சு, தேன் குடிச்சு, மகரந்தம் தின்னாத்தான் அது முட்டையே வைக்கும். இப்ப அதுக்கு ஒத்தாசைக்கு ஈ காக்கா கிடையாது. அது வச்சாத்தானே நம்ம புளூபெர்ரி வயலுக்குத் தேனீ வரும்?"

"ஒத்தத் தேனீ செத்தா குடியா முழுகிடும்?" என்று சிரித்தான் எல்லிஸ்.

பலகை வந்தது. தூ, என்ன பெருமை! அதைத் தினமும் துடைத்து வைத்தான்.

ஜூனில் அவர்களுடைய புளூபெர்ரி வயல் வெள்ளையாகப் பூத்தது. ரீங்காரம்தான் இல்லை. வாடகைக்குத் தேனீப் பெட்டி கேட்டு அலைந்தான்; எல்லாம் எப்போதோ வேறு வயல்களுக்குப் போய்விட்டிருந்தன. காயே பிடிக்காததால், ஆகஸ்டில் பழம் வார வந்தவர்கள் வேலையில்லாமல் திரும்பினார்கள். வருஷம் முழுக்கச் சோறு போடும் வயல் அது.

அந்த மாதமே சங்கத்தின் பரிசு விருந்து. வருஷா வருஷம் புளூபெர்ரி அப்பம் வெர்னாவின் கைப்பக்குவம்.

"அப்பம் எங்கே வெர்னா? நாக்கு ஊறுது!" என்றாள் தலைவி கான்ஸ்டன்ஸ்.

வெர்னா காலித் தட்டை மேசையில் வைத்து, அதன்மேல் பரிசுப் பலகையைப் போட்டாள்.

"இந்தாங்க, இதைக் கடிச்சுத் தின்னுங்க. எங்க வயல்ல இந்த வருஷம் வெளஞ்சது இதுதான்."

கான்ஸ்டன்ஸின் முகம் சுருங்கியது. "இது என்ன மரியாதை கெட்ட பேச்சு? எல்லிஸ், உங்க பெண்டாட்டிகிட்ட சொல்லக் கூடாதா?"

எல்லிஸ் எழுந்தான்.

"அவ சொன்னப்ப நான்தாங்க கேக்கல. ஒத்தத் தேனீ செத்தா குடியா முழுகிடும்னு கேட்டேன். முழுகிடுச்சு. வசந்தத்துல ஒரு ராணியைப் பட்டினி போட்டா ஒரு கூட்டையே அழிச்ச மாதிரி. பார்க்க அழகா இருக்கணும்னு பூவைக் கொல்றவன், தன் சோத்துல தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கறான்."