கம்பம் வராத வீடு

இப்போதெல்லாம் யாரிடமும் ஒரு பொருளின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவதில்லை. வண்டி என்ன விலை என்றால் மாதம் இவ்வளவு கட்டுகிறேன் என்கிறான். வீட்டுக்கு என்ன ஆயிற்று என்றால் இன்னும் இத்தனை வருஷம் பாக்கி என்கிறான். மொத்தம் எவ்வளவுடா என்று இரண்டாம் தடவை கேட்டால், நான் ஏதோ கைமாற்று கேட்டுவிட்டது போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தெரிந்தால்தானே சொல்லுவான்.

என் மருமகள் சொன்னாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். அவள் செய்த காரியம் பிடிக்காது. அது வேறு.

என் மகன் லாரி ஓட்டுகிறான். நானும் கண் மங்கும்வரை அதைத்தான் செய்தேன். ஊருக்கு வெளியே, செங்கல் சூளையைத் தாண்டி அவர்கள் வீடு கட்டினார்கள். மின்கம்பங்கள் சூளை வளைவோடு நின்றுவிட்டன. வீடுவரை வேண்டுமென்றால் கம்பத்துக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும் என்று மின்சார ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மருமகள் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ச் சோலார் பேனலிலும் பாட்டரியிலும் போட்டுவிட்டாள். மகன் மாதத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பவன். வீட்டில் விளக்கு எரிவதும் அணைவதும் அவள் தலையில்தான்.

வெறும் விளக்கு என்றால்கூடப் போகிறது. முட்டைகளைச் சூடான பெட்டியில் அடுக்கிக் குஞ்சு பொரித்துக் கொடுப்பது அவள் தொழில். அந்தப் பெட்டிக்கு ராத்திரி பகல் என்று இல்லாமல் கரண்டு வேண்டும்.

நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று அங்கே போய் இறங்கிய அன்றே செலவைக் கேட்டுவிட்டேன்.

"ரெண்டும் ஏறக்குறைய ஒரே செலவுதான் மாமா" என்றாள். "கம்பம் போட்டா மாசாமாசம் பில்லு வரும். இதுல பில்லு கிடையாது. ஆனா நாலஞ்சு வருஷத்துல பாட்டரி செத்துப்போகும். போட்டதுல பாதி மறுபடி போடணும்."

"அப்ப லாபம் என்னம்மா?"

"லாபம்னு நான் சொல்லவே இல்லையே."

"பின்ன எதுக்கு இந்த வம்பு?"

"கம்பத்துல கரண்டு போச்சுன்னா, யாராவது வந்து பார்க்கிறவரைக்கும் கையப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். முட்டை காத்துக்கிட்டு இருக்குமா? இங்க எது கெட்டாலும் எங்க கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்."

கணக்கை மறைக்காமல்தான் சொன்னாள். டீயைக் குடித்தேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரண்டை அதிகம் இழுக்கும் எதைப் போடுவதானாலும் முதலில் அதன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். "மோட்டார்!" என்று கத்தினால், வேறு எதுவும் ஓடவில்லை என்று பார்த்து, உள்ளேயிருந்து "போடு" என்று பதில் வரவேண்டும். அதற்கப்புறம்தான் சுவிட்சில் கை வைக்கலாம். வீட்டில் ஆள் இல்லாதபோதும் அவள் கத்துவாளாம், பதிலும் அவளே சொல்லிக்கொள்வாளாம்; மகன் சொல்லிச் சிரிப்பான். இஸ்திரிப் பெட்டிக்கு உத்தரவு கேட்கிற வயசா எனக்கு? இருந்தவரை கசங்கிய சட்டையே போட்டுக்கொண்டேன்.

பாட்டரி பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியில் எண் தெரியும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல, போகும்போதும் வரும்போதும் அதை ஒரு பார்வை பார்ப்பாள். பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டாள். இறங்கினால் பாட்டரிக்கு ஆயுசு குறையுமாம். லாரியில் நாங்கள் ஹெட்லைட் மங்குகிறவரை ஓட்டுவோம் என்றேன். "அதான் மாமா, வருஷத்துக்கு ஒரு பாட்டரி மாத்தினீங்க" என்றாள். எவன் சொன்னான் இவளுக்கு?

முட்டை பொரிக்கிற சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. முட்டைகள் ஒரு பெரிய பண்ணைக்காரருடையவை. முதல் தடவையாக நம்பிக் கொடுத்திருந்தார். கெட்டுப்போனால் அவர் மட்டுமல்ல, அவரைப் பார்த்து வேறு எவனும் கொடுக்கமாட்டான்.

"வெயிலே இல்லியே, இப்ப என்ன பண்ணுவ?" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

"மேகத்துலயும் கொஞ்சம் வரும் மாமா, அதுக்குத் தக்கபடி ஓட்டிக்கலாம். இந்தத் தடவை பொரிக்கலைன்னா, கம்பத்துக்கு நானே போய் எழுதிக் குடுத்துடறேன். போதுமா?"

"போதும்" என்றேன்.

மறுநாள் விடியும்போது காற்றும் மழையுமாய் அடித்தது, நடுநடுவே ஆலங்கட்டி. மாட்டுக்கொட்டகை உயரத்தில் ஒரு தகரக் கூரை, அதன்மேல்தான் பேனல்கள். அத்தனை காசு கொட்டி வாங்கின கண்ணாடி, இப்படித் திறந்து கிடக்கலாமா? மகனின் பழைய தார்ப்பாய் ஒன்று மூலையில் சுருட்டி இருந்தது. ஏணியைப் போட்டேன். சரக்கு நனைந்தால் பதில் சொல்ல வேண்டிய தொழிலில் இருந்தவன் நான். நான் போட்ட முடிச்சு வழியில் அவிழ்ந்ததில்லை. நாலு மூலையும் இழுத்துக் கட்டிவிட்டு இறங்கி வந்து தலையைத் துவட்டிக்கொண்டேன். செய்த வேலையைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பத்துமணிக்குள் அவள் முகம் மாறிவிட்டது. எண்ணைப் பார்த்தாள், வயரைத் தொட்டுப் பார்த்தாள், பிரிட்ஜை அணைத்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். "பகல்ல ஒரு பொட்டாவது ஏறணுமே. ஏறவே இல்லியே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெட்டியில் அப்போதுதான் முதல் குஞ்சு உள்ளேயிருந்து ஓட்டைக் கொத்தி மூக்கை நீட்டியிருந்தது. மழை கொஞ்சம் விட்டதும் ஏணியில் ஏறினாள்.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க."

போனேன்.

"இது யாரு கட்டினது?"

"நான்தான். நனையுதுன்னு."

"நனையத்தான் மாமா அதைச் செஞ்சிருக்காங்க."

"கண்ணாடிதானே? கல்லு விழுந்தா?"

அவள் இறங்கி வந்து என் எதிரே நின்றாள். குரலைத் தாழ்த்தி, "வேணும்னு கட்டலையே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உலகத்தையே சந்தேகப்பட்டு வாழ்ந்தவன்தான் நான். என்னை ஒருத்தி நேருக்கு நேராக அப்படிக் கேட்டதில்லை. ஆனால் அவள் இடத்தில் நின்று பார்த்தால், கேட்காமல் இருந்தால்தான் தப்பு. இது பொரிக்காவிட்டால் எனக்குத்தானே ஜெயம்?

"இல்லம்மா" என்றேன்.

ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். "சரி. முடிச்ச நீங்களே அவிழுங்க, என் கைக்கு மசியல" என்றாள். அவ்வளவுதான். நானாக இருந்தால் மூன்று தடவை கேட்டிருப்பேன். அப்புறம் சூளைக்காரனிடமும் போய் விசாரித்திருப்பேன்.

தார்ப்பாயை எடுத்தும் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை; மேகம் அப்படி. எண் பாதியை நெருங்கிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெட்டியின் சங்கதி தெரிந்தது. அதற்கு இரட்டைச் சுவர். நடுவில் கை நுழைகிற சந்து. தச்சன் பலகையை வீணடித்து ஏமாற்றிவிட்டான் என்று நினைத்திருந்தேன். அவள் அடுப்பில் வெந்நீர் போட்டு, பாட்டில்களில் நிரப்பித் துணி சுற்றி, அந்தச் சந்தில் வரிசையாக இறக்கினாள். உள்ளே சூடேற்றும் கம்பியை அணைத்துவிட்டாள். காற்றைச் சுற்றவிடும் சின்ன விசிறி மட்டும் ஓடியது. அதற்கு அதிகம் வேண்டியதில்லை.

நான் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினேன்.

"மேல இருக்கிற ஓட்டைய மூடாதீங்க மாமா, அதுங்க மூச்சு விடணும்."

"தெரியும், தெரியும்" என்றேன். தெரியாது.

ஆறின பாட்டிலை எடுப்பதும் சுட்டதை இறக்குவதுமாக மாறி மாறிச் செய்தோம். ஒரு தடவைகூட அவள் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தால் ஈரம் போய்விடும், குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். பெட்டியின் சூட்டைக் காட்டும் முள் நகராமல் ஒரே இடத்தில் நின்றது. லாரியை மலைப்பாதையில் இறக்குகிறவன் பிரேக்கை மிதிப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக, பதறாமல் செய்தாள். நடுவில் மகன் போன் பண்ணினான். "நல்ல மழை. முட்டை நல்லா இருக்கு. மாமா கூடமாட ஒத்தாசை பண்றாரு" என்றாள். தார்ப்பாயைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் பண்ணைக்காரர் வந்தபோது பெட்டிக்குள் ஒரே கீச்சு கீச்சு. ஒரு தட்டின் ஓரத்தில் இருந்தவை மட்டும் பொரிக்கவில்லை. அவர் பார்ப்பதற்கு முன்னால் அவளே எடுத்துக் காட்டினாள்: "இது என் பக்கத்துத் தப்பு. சூடு அங்க எட்டல. இதைக் கழிச்சுக்கங்க." என்னை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கழிக்கிறதாவது. எங்க குடுத்தாலும் இதுக்கு மேலதான் வீணாப் போகும்" என்றார் அவர். கூடையைத் தூக்கிக்கொண்டே, "கம்பி இல்லாத வீட்டுக் குஞ்சு, தொண்டை மட்டும் நல்லா இருக்கு. அடுத்த முட்டை எப்ப கொண்டாரலாம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மழை முழுதாக விட்டிருந்தது. என் பையை எடுத்துக்கொண்டேன். அவள் வாசல்வரை வந்தாள்.

"இப்பவாவது ஒத்துக்கிறீங்களா மாமா?"

"உன்ன ஒத்துக்கிறேன். அந்தப் பாட்டரிய ஒத்துக்க மாட்டேன். நீ நாலு நாள் காய்ச்சல்ல படுத்தா யாரு வெந்நீர் போடுறது?"

அவள் யோசித்தாள். "அது சரிதான்" என்றாள். சண்டைக்கு வந்தாலாவது திருப்பிப் பேசலாம்; இப்படி நியாயமாகப் பேசுகிறவளோடு என்ன செய்வது?

"வெயில் வந்துடுச்சு, சட்டைய இஸ்திரி போட்டுட்டுப் போங்க" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, சேற்றில் கால் பார்த்து வைத்து நடந்தேன். உள்ளே அவள் "மோட்டார்!" என்று கத்துவது கேட்டது. வேறு எதுவும் ஓடவில்லை என்று பார்த்திருப்பாள். அப்புறம் "போடு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஒரு ஆள் செய்கிற வேலையா இது என்று முணுமுணுத்தபடி நான் பாட்டுக்கு நடந்தேன்.