சுவரில் தட்டிய சுரை விதை

ஐஸ்வர்யா கோவில்பட்டிப் பக்கம் வாழ வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மாமியார் முத்துத்தாய் வீட்டுத் தோட்டத்தையே அவளிடம் ஒப்படைத்துவிட்டாள். இந்த வருசம் புரட்டாசி மழை விழுந்ததும் மருமகள் கைதான் முதல் விதை போடும், அவரையும் கொத்தவரையும் அப்புறம், முதலில் சுரை என்று தெருவெல்லாம் சொல்லியும் வைத்தாள். ஐஸ்வர்யாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையில்தான் ஒருநாள் காலையில், அத்தைக்கு மூட்டுவலி என்றதும் வெந்நீர் போட ஓடினாள். அடுப்பெரிக்க அடுக்கி வைத்த எரு வறட்டியெல்லாம் தூறலில் நமுத்துக் கிடந்தது. தொழுவத்துச் சுவரில் ஒன்று மட்டும் தனியாக, நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பெயர்த்து அடுப்பில் வைத்தாள். படபடவென்று வெடித்து எரிந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

குளித்துவிட்டு வந்த முத்துத்தாய் தலையைத் துவட்டிக்கொண்டே விதை வைக்கும் பக்குவம் சொல்ல ஆரம்பித்தாள். சாணிக்குள் பதித்துச் சுவரில் தட்டிவிட்டால் வண்டு அண்டாதாம். தொழுவத்தில் சுரை விதை அப்படித்தான் இருக்கிறதாம். ஐஸ்வர்யா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். நம்பிக் கொடுத்த முதல் வேலையையே அடுப்பில் வைத்துவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். விதைக்கடை சபியுல்லா, நாட்டுச் சுரை தீர்ந்துபோனது, பாக்கெட் விதைதான் இருக்கிறது என்றார். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு விதையும் ரோஸ் கலர். மருந்து பூசியது, தொட்டால் கையைக் கழுவிக்கொள் என்றும் சொன்னார். ஐஸ்வர்யா கையை மட்டுமா கழுவினாள்? விதையையும் மூன்று தண்ணீரில் அலசி எடுத்தாள். சாயம் வெளுத்ததே தவிரப் போகவில்லை. சாணிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று துணிந்து, மாடு நின்ற பக்கமே போகாதவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாணியைப் பிசைந்தாள். பழைய எரு இருந்த அதே வட்டத்தில் அப்பினாள். அடித்த வெயிலில் நாலு நாளில் காய்ந்தும்விட்டது.

அடுத்த வாரம் மழை கொட்டியது. கரிசல் மண் காலோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஈரம் போகட்டும் என்று ஒருநாள் பொறுத்து, முத்துத்தாய் எருவை எடுத்து உடைத்தாள். உள்ளே விதையெல்லாம் சிவந்து கிடந்தது.

"ஏட்டி, நம்ம சுரை எப்பம்ட்டி வெத்தல போட ஆரம்பிச்சுது?"

ஐஸ்வர்யாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வெந்நீர் அடுப்பிலிருந்து விதைக்கடை வரை அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முத்துத்தாய் கையிலிருந்த எருத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத நீயாட்டி தட்டுன?"

"ஆமா அத்தை."

"அஞ்சு வெரலும் அழகாப் பதிஞ்சிருக்கு. வந்து சொன்னா நான் என்ன, கடிச்சாட்டி தின்னுருவேன்?"

பிறகு போனை எடுத்து விளாத்திகுளத்தில் இருக்கிற தங்கச்சி சுடலைச்செல்வியைக் கூப்பிட்டாள். போன வருசம் கொடுத்த சுரையில் பத்து விதை திருப்பி வேண்டும் என்றாள். அக்கா வீட்டு விதை என்ன ஆச்சு என்று அவள் கேட்டது பக்கத்தில் நின்ற ஐஸ்வர்யாவுக்கும் கேட்டது. சுடலைச்செல்வி காதில் விழுந்தால் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த மாதிரிதான். ஐஸ்வர்யா அத்தையின் வாயையே பார்த்தாள்.

"எலி தின்னுட்டு" என்றாள் முத்துத்தாய். அந்தப் பக்கம் மருந்து வைக்கச் சொல்லி யோசனை வந்தது.

"மருந்தெல்லாம் வேண்டாம்ட்டி. சின்ன எலி. நம்ம வீட்டுலயே இருந்துட்டுப் போவுது."

போனை வைத்துவிட்டு, சிவந்த விதையையும் ஓரமாக ஒரு குழியில் போடச் சொன்னாள். ஐஸ்வர்யா குனிந்து மண்ணைத் தோண்டினாள். சிரிப்பு வந்தது, நிமிரவில்லை.