எலும்பு போட்ட எடை

மத்தியானம் போன கரண்ட் திரும்பி வந்த நொடியில் கம்ப்யூட்டரின் பின்பக்கம் டப்பென்று வெடித்தது. கருகல் நாற்றம் வீடெங்கும் பரவியது. நோரா சிலுவை போட்டுக்கொண்டாள். போட்டு என்ன செய்ய? அந்தப் பெட்டிக்குள் அவள் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்த தர்ஷினியின் ஆராய்ச்சி ஏடு இருந்தது, முந்நூற்றெண்பது பக்கம். நாளைக் காலை பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு லெக்சரர் வேலை கையைவிட்டுப் போய்விடும். இன்று ஆறு மணிக்கு ஃபிளாப்பி வாங்க வருகிறாள்.

"காப்பி எடுத்து வெச்சிருக்கீங்க இல்ல ஆன்ட்டி?" என்று தர்ஷினி வாராவாரம் போனில் கேட்பாள். "ஓ, பத்திரமா இருக்கு கண்ணு" என்று நோராவும் வாய் கூசாமல் சொல்வாள். உண்மையில் ஒரு ஃபிளாப்பியில்கூடக் காப்பி எடுத்ததில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன!

பொம்மசந்திராவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி எரிக்குக்குப் போன் போட்டாள். "எஸ்எம்பிஎஸ் போயிருக்கும்க்கா, கரண்டைப் பிரிச்சுக் குடுக்கற பெட்டி. நல்லதா வாங்கு. மட்டமானதைப் போட்டா ஹார்ட் டிஸ்க்கையும் சேத்து எரிச்சுடும். லேசா இருந்தா தொடாத, நல்லது வெயிட்டா இருக்கும்."

அவள் புருஷன் சில்வெஸ்டருக்கு சிவாஜிநகரில் மட்டன் ஸ்டால். காலை வியாபாரம் முடித்து வந்து, சாப்பிட்டுப் படுத்திருந்தவன் துள்ளி எழுந்தான். "வெயிட்டா? அத என் கையில விடு!" பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கை சொல்லிவிடும். நோராவுக்கு அப்போது அது பெரிய தைரியமாக இருந்தது.

கம்ப்யூட்டர் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் எரிக் சொல்லியிருந்த கிருஷ்ணப்பாவின் கடைக்கு முதலில் போனார்கள். அவர் எடுத்து வைத்ததைச் சில்வெஸ்டர் தூக்கிப் பார்த்தான். "ஒரு கிலோ நூறு கிராம். அவ்ளோதானா?" விலையைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தான். நாலு கடை தள்ளி ஒருவன் அதில் பாதி விலைக்கு ஒன்று வைத்திருந்தான். அதைத் தூக்கியதும் சில்வெஸ்டருக்கு வாயெல்லாம் பல். "ஒன்றரை கிலோ நோரா! இது சரக்கு!"

திரும்பும் வழியில் கிருஷ்ணப்பா பார்த்துவிட்டார். "வெயிட் மட்டும் பாக்காதீங்க அண்ணா, ஸ்வல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுங்க." வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்று சில்வெஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் நோரா பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கழற்றினாள். வெடித்ததிலேயே டிஸ்க் செத்திருந்தால்? மாதாவே, இந்த ஒரு தடவை காப்பாத்து. புதியதை உள்ளே வைக்கப்போன சில்வெஸ்டர் அப்படியே நின்றுவிட்டான்.

"இரு இரு. ஒரு பக்கமா இழுக்குது."

"இழுத்தா என்னங்க? மணி நாலு ஆவுது!"

அவன் மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே இத்துனூண்டு சாமான்கள்தான் இருந்தன. ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஓர் இரும்புத் துண்டு, பசை போட்டு ஒட்டியிருந்தது.

"எலும்பு போட்ருக்கான், திருட்டுப் பய!" அவன் அதைப் பிய்த்து மேஜைமேல் எறிந்தான்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

சில்வெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டான். "நானும் போடறவன்தானடி. கறிக்கு அடியில எலும்பைச் சொருகினா தட்டு இப்படித்தான் ஒரு பக்கமா சாயும்."

நோராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனுஷனைத் திட்டக்கூட நேரமில்லை. மறுபடி ஆட்டோ, மறுபடி கிருஷ்ணப்பா. நல்ல மனிதர், ஒரு குத்தல் பேச்சு இல்லை. அந்த ஒரு கிலோ நூறைக் கடையிலேயே ஒரு பழைய டிஸ்க்கில் மாட்டி ஓட்டிக் காட்டினார். "வீட்ல ஹார்ட் டிஸ்க் வயரைக் கடைசியா மாட்டுங்க மேடம். பத்து நிமிஷம் சும்மா ஓடட்டும். நாத்தம் வரலன்னா மாட்டுங்க."

டிராஃபிக்கில் உயிர் போய் வந்தது. வீட்டுக்கு வரும்போது ஐந்தரை. அந்தப் பத்து நிமிஷமும் நோரா மூக்கைப் பெட்டியோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்றமில்லை. கரண்டை நிறுத்தி, டிஸ்க்கின் வயரைச் செருகி, மறுபடி சுவிட்சைப் போட்டாள். கர்ரென்று டிஸ்க் சுழன்றது. திரையில் வெளிச்சம் வந்தது. ஃபைல் திறந்தது, முந்நூற்றெண்பது பக்கமும் இருந்தன. அவள் மேஜையில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டாள்.

ஃபிளாப்பியைச் செருகிக் காப்பி போட்ட நேரம் கதவு தட்டப்பட்டது. தர்ஷினி சிரித்தபடி உள்ளே வந்தாள். "காப்பி ரெடியா ஆன்ட்டி?"

எப்பவோ ரெடி கண்ணு. நோராவின் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. மேஜை மேல் அந்த இரும்புத் துண்டு கிடந்தது.

"இல்லம்மா. ஒரு காப்பியும் நான் எடுத்ததில்ல. இத்தனை நாளும் உங்கிட்டப் பொய் சொன்னேன். இன்னிக்கு எல்லாம் போயிருக்கும்."

தர்ஷினியின் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஃபிளாப்பியின் பச்சை விளக்கு அணைந்தது. நோரா அதை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

தர்ஷினி அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு புது ஃபிளாப்பி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னொன்னு எடுங்க ஆன்ட்டி" என்றாள். "நான் பாத்துட்டிருக்கேன்."