பதினோராம் விதி

பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுவது அவளுடைய வேலை. எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கட்டம் கட்டி எழுதிக் கொடுப்பாள். ஒரு நிமிடம் பிசகினாலும் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். இப்படித் தினமும் விதிகளோடு மல்லுக்கட்டிப் பழகியதால்தானோ என்னவோ, ஆறு வருடம் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கதை விளையாட்டை உருவாக்கினாள்.

அதற்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'கதவுக்குப் பின்னால் உறுமல் கேட்கிறது, என்ன செய்வாய்?' என்று கதைசொல்லி கேட்பார். செய்வதை வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். அவள் படைத்த நாட்டில் ஆறுகள் கீழிருந்து மலையேறும். உப்பாலான ராட்சதர்கள் உண்டு. பொய் சொல்லச் சொல்ல உடம்பு கனத்துப்போகும் மந்திரவாதிகளும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடுவார்கள். தம்பி மனைவி பல் செட் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவள். செயற்கை ஈறு செய்கிற பசையிலேயே பன்னிரண்டு முகப் பகடைகளை வார்த்துக் கொடுத்தாள். எல்லாம் அசல் ஈறு நிறம்.

"பாத்து உருட்டுங்க, கடிச்சிடப் போகுது" என்பான் தம்பி.

முதல் ஆட்டத்திலேயே, அரை மணி நேரத்துக்குள், அவனுடைய பாத்திரம் செத்துப்போனது. மீதி நேரமெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் வைத்திருந்த பிஸ்கட்டை ஒரு பொட்டலம் காலி செய்தான்.

"செத்தவன் வேற என்னக்கா பண்றது?"

அன்று எழுதியதுதான் பதினோராம் விதி. பாத்திரம் செத்தாலும் ஆள் மேசையை விட்டு எழ வேண்டாம். உயிரோடிருப்பவர்களுக்குச் சுற்றுக்கு ஒரு முறை காற்றின் வழியாக ஒரு வார்த்தையோ ஒரு வாக்கியமோ சொல்லலாம்.

விதிகள் நாற்பது பக்கம் வந்தன. தம்பி தன் ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தான். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

போன மாதம் வேறொரு ஊர்ப் பணிமனைக்குப் புது அட்டவணை போட அவளை ஒரு வாரம் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மதியம் தண்ணீர் பிடிக்க ஓட்டுநர்களின் ஓய்வறைக்குப் போனாள். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே அவர்களுக்கு நான்கு மணி நேரம் வேலை இருக்காது. மேசையைச் சுற்றி ஒரு பெண் ஓட்டுநரும் மெக்கானிக்கும் நடத்துநரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உப்பு ராட்சதன் முழிச்சிட்டான். பக்கத்துல ஆறு மலை மேல ஏறிட்டிருக்கு. என்ன பண்றீங்க?" என்றார் நடத்துநர்.

அவள் கையிலிருந்த பாட்டில் நிரம்பி வழிந்து புடவையை நனைத்தது.

"ஒரு ஆள் குறையுது, உக்காருங்க மேடம்" என்றாள் ஓட்டுநர். "ஆடத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும்."

உண்மை தொண்டைவரை வந்தது. சொன்னால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், ஆட்டம் நின்றுவிடும். அவளுக்கு இவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பகடைக்குப் பதில் பெரிய நட்டுகள் இரண்டு, பக்கத்துக்கு ஓர் எண்ணாக வெள்ளை பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள்.

இரண்டாவது சுற்றிலேயே ராட்சதன் உதைத்து அவளுடைய படகோட்டி செத்துப்போனான். மற்ற இருவரும் தப்ப ஒரு வழி இருந்தது. அவள் சும்மா இருக்க முடியாமல், "நீங்க ரெண்டு பேரும் அந்த—" என்று ஆரம்பித்தாள்.

மெக்கானிக் கையை உயர்த்தினார். "இருங்க மேடம். செத்தவங்க ஒரு வார்த்தைதான் பேசலாம். பதினோராம் விதி."

"வாக்கியமும் பேசலாமே?"

"யாரு சொன்னா?"

ஒரு காகிதக் கட்டைப் பிரித்து அவள்முன் வைத்தார். அவளுடைய கையெழுத்துதான். ஆனால் பக்கத்தின் வலது ஓரம் நகலில் விழவே இல்லை. 'ஒரு வார்த்தை' என்பதோடு வரி அறுந்திருந்தது. அடுத்த வரி 'சொல்லலாம்' என்று தொடங்கியது.

"உங்க ஊருக்கு வண்டி எடுத்துட்டு வந்தப்ப, லைசென்ஸ் ஜெராக்ஸ் எடுக்கப் போன கடைல கிடைச்சது" என்றாள் ஓட்டுநர். "ஓரம் சரியா விழலன்னு குப்பைக்கு வச்சிருந்தாரு. நின்ன வாக்குல பத்து பக்கம் படிச்சிட்டேன். கேட்டேன், குடுத்துட்டாரு."

"எழுதின ஆள் விவரமானவர்" என்றார் மெக்கானிக். "செத்தவன் எல்லாத்தையும் சொல்லிட்டா இருக்கறவனுக்கு என்ன வேலை? அதான் ஒரே வார்த்தைன்னு வச்சிருக்காரு."

சொல்ல வந்ததை அவள் ஒரே வார்த்தையாகச் சுருக்கினாள். பிறகு சொன்னாள்:

"ஆறு."

"ஆறா? ஆறு அடி தள்ளி நிக்கணுமா?"

"நம்ம கிட்ட அம்பு ஆறு இருக்கே. அத சொல்றாங்களோ?"

"மொதல்ல கோவம் ஆறட்டும்னு சொல்றாங்க போல."

விவாதம் நீண்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தவித்தாள். கடைசியில் ஓட்டுநர் மேசையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"உப்பு கரையும்ல? மலையேறுற ஆத்தோட கரைய வெட்டி, தண்ணிய அவன் மேல திருப்பறேன்."

நட்டுகள் உருண்டன. பதினொன்று. நடத்துநர் ராட்சதன் முழங்காலிலிருந்து கரைவதை நிதானமாகச் சொல்ல, மெக்கானிக் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஆறு வருடத்தில் தம்பி வீட்டில் இப்படி ஒரு சுற்று அமைந்ததில்லை. தன் விதியைவிட அறுந்துபோன விதி நன்றாக இருந்தது. அதில் அவளுக்குத் துளியும் வருத்தமில்லை. யாரென்றே தெரியாத மூன்று பேர் அவள் நாட்டுக்குள் சொந்த வீடுபோல நடமாடுகிறார்கள்.

"எங்க மேடம் கத்துக்கிட்டீங்க?" என்றாள் ஓட்டுநர்.

அவள் பேனாவை எடுத்துப் பதினோராம் விதியின் கீழே அதே வரியை எழுதினாள். இரண்டு கையெழுத்தையும் மெக்கானிக் மாறி மாறிப் பார்த்தார்.

"எழுதினவங்க கிட்டயே விதி பேசிட்டேனே."

"சரியாத்தான் பேசினீங்க. இனிமே எங்க வீட்டுலயும் ஒரு வார்த்தைதான்."

நடத்துநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வடக்கு மலைக்கு அந்தப் பக்கம் நீங்க ஒண்ணுமே எழுதலையே?"

"எங்க ஆட்டத்துல யாரும் அங்க போகல. அதனால எனக்கும் தெரியாது."

"நாங்க போனோம்."

அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார். பழைய அட்டவணைத் தாள்களின் பின்புறத்தை ஒட்டி, மூன்று நிறப் பேனாவில் ஒரு நிலப்படம் வரைந்திருந்தார்கள். துறைமுகங்கள், தொங்குபாலங்கள், காட்டுக்கு நடுவே கருப்பாக ஒரு ஏரி. ஒன்றுகூட அவள் எழுதியதில்லை.

"இந்த ஏரி ஏன் கருப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவள் நாற்காலியை நிலப்படத்துக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.