மேற்குச் சுவர் பாடவில்லை

பாஸ்கலுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் புது வீட்டை மந்திரிக்கப் போகிறார், உறவு சனம் மொத்தமும் வந்து இறங்கப் போகிறது, இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கூடத்தின் மேற்குச் சுவர் இன்னும் வாயைத் திறந்தபாடில்லை. கிழக்குச் சுவர் ஜோராகப் பாடுகிறது, மேற்கு ஊமை. நாற்காலியில் உட்காருவார், எழுந்து போய்ச் சுவரில் காதை வைப்பார், வந்து உட்காருவார், மறுபடி எழுவார். பூச்சு வேலைக்கு வந்த ஆட்களுக்கு அவரைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்துப்போனது.

சுவர் எதற்கையா பாட வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். பாஸ்கல் சொல்தா. வில்லியனூர்ப் பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். இருபத்தைந்து வருஷம் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு எழுபத்தொன்பதில் ஒரேயடியாக ஊர் திரும்பியவர். அங்கே ஒரு பட்டாளத்துக் கப்பித்தான் வீட்டு விருந்தில் ஸ்பீக்கர்ப் பெட்டி எதுவும் கண்ணில் படாமல் நாலு பக்கச் சுவரிலிருந்தும் சங்கீதம் வந்ததாம். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். மற்ற சொல்தாக்கள் மாடி முகப்பில் சிமெண்டுச் சிங்கம் வைத்தார்கள், இவர் சுவருக்குள் ஸ்பீக்கர் வைக்க வேண்டும் என்றார். ஆம்ப்ளிஃபயர், ரெகார்ட் பிளேயர், நாலு வட்ட ஸ்பீக்கர், ஒரு சுருள் கனத்த செம்பு ஒயர், எல்லாவற்றையும் கப்பலில் கொண்டுவந்து பெட்டியில் பூட்டிவைத்திருந்தார்.

வேலைக்கு அரியூர் பலராமனைப் பிடித்தார். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிறவன், வீட்டு ஒயரிங்கும் செய்வான், கை சுத்தம் என்று பெயர். சுவர் எழும்பும்போதே பக்கத்துக்கு இரண்டாக ஸ்பீக்கருக்குப் பொந்து விட்டான். அங்கிருந்து வடக்குச் சுவர் அலமாரி வரை ஒயர் போகச் செங்கல்லில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டினான். குழாய் போட்டு அதற்குள் ஒயரை விட்டால் பின்னால் ஏதாவது என்றால் உருவிப் பார்க்கலாம் என்றும் சொன்னான். குழாய் வாங்க டவுனுக்குப் போய் வந்தால் நாளாகும் என்று பாஸ்கல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒயரைக் காடியில் பதித்து அப்படியே மேலே பூசச் சொல்லிவிட்டார். அவசரம் அவர் கூடவே பிறந்தது.

ஊர் வந்த இந்த இரண்டு வருஷத்தில் அந்த அவசரம் அதிகமாகியிருந்தது. காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் எல்லோரும் தனக்குப் பின்னால் குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். மனைவி செலின் மேரியும் அவள் தம்பி இன்னாசிமுத்துவும் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ பேசுவார்கள், இவர் திரும்பினால் அடங்கிவிடும். இத்தனை வருஷம் இவர் இல்லாமலே பழகிவிட்ட வீடு, இவரை வெளியே நிறுத்திவைத்திருக்கிறது என்று நினைத்தார். நினைத்து நினைத்துப் புழுங்கினார்.

செலின் மேரிக்கு வேறு குறை. தான் பேசுவதை இந்த மனுஷன் பேச்சாகவே எடுத்துக்கொள்வதில்லை என்று. பாதிக்குப் பதில் வராது, பாதிக்கு “சரி சரி” என்று வரும். கன்றுக்குட்டியை விற்கட்டுமா என்று அவள் கேட்க, இவர் சரி சரி என்று சொல்ல, விற்ற மறுநாள் கன்று எங்கே என்று வீட்டை இரண்டாக்கினார். இன்னொரு தடவை சொல்லு என்று கேட்கிற பழக்கம் பாஸ்கலுக்குக் கிடையாது. பட்டாளத்தில் இரண்டாம் தடவை கேட்டால் திட்டுத்தான் விழும். இந்தச் சண்டைகளில் ஒன்றில்தான், இப்படியே இருந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு பிரான்சுக்கே போய்விடுகிறேன் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செலினுக்கும் அது தெரியும்.

இப்போது சுவரும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை காலையில் பலராமன் வந்து கிழக்கு ஸ்பீக்கரைக் கழற்றி மேற்கில் மாட்டினான், மேற்கை எடுத்துக் கிழக்கில் மாட்டினான். ஆம்ப்ளிஃபயர் பின்னால் ஒயர்களை மாற்றிச் செருகினான். பாஸ்கல் அலமாரிக்கு எதிரே வடக்குப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். பாட்டு மொத்தமும் கிழக்கிலிருந்தேதான் வந்தது. மேற்கில் காதை ஒட்ட வைத்தால் கேட்கிறது, நாற்காலிக்கு வந்தால் ஒன்றுமில்லை. அப்படியென்றால் கரண்டு சரியாகப் போகவில்லை, அப்படியென்றால் ஒயர் சரியில்லை என்று அவர் கணக்குப் போட்டார்.

“நல்லாத்தானே கேக்குது” என்றாள் செலின். இன்னாசிமுத்துவும் அதையே சொன்னான். சாந்துச் சட்டியோடு நின்ற ஆட்களும் தலையை ஆட்டினார்கள். பலராமன் மட்டும் பாஸ்கலையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பாட்டைப் பாடுகிறார்கள் என்று பாஸ்கலுக்கு உள்ளே கொதித்தது. விருட்டென்று வாசலுக்கு வந்தார். தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

“நான் குடுத்த பிரான்ஸ் ஒயர கெழக்கால போட்டுட்டு, மேற்கால எதோ நூல் மாரி கம்பிய வெச்சிப் பூசிட்டான். மிச்சத்த வித்துத் தின்னுட்டான். திருட்டுப் பய வேல.”

பலராமன் முகம் செத்துப்போனது. சண்டைக்கு வரவில்லை. உள்ளே போய்க் கொத்துக்காரரின் உளியையும் சுத்தியலையும் எடுத்தான். மேற்குச் சுவரில் மேலே ஆரம்பித்து ஸ்பீக்கர் வரை, ஸ்பீக்கரிலிருந்து அலமாரி வரை, நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்த பூச்சை உடைத்துக்கொண்டே வந்தான். செலின் வேண்டாம் வேண்டாம் என்று குறுக்கே வந்தாள். அவன் நிறுத்தவில்லை. கடைசியில் காடிக்குள் கனத்த செம்பு ஒயர், முழுசாக, ஒரு ஒட்டுப் போடாமல், பளபளவென்று கிடந்தது.

“பாத்துக்குங்க சார். ஒரு மொழம் வேற ஒயர் இருந்தா காட்டுங்க” என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான்.

“அப்புறம் ஏன் சத்தம் வரல?” என்று பாஸ்கல் அவன் முதுகைப் பார்த்துக் கேட்டார். அவன் பதில் சொன்னானா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். கூடமெல்லாம் செங்கல் தூள். பாஸ்கலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரெகார்டைப் போட்டுவிட்டார். பையன் கோபம் தணிந்து திரும்பி வருகிறானா என்று பார்க்க, நாற்காலியைத் தெற்கே தெருவாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

மேற்குச் சுவர் பாடியது.

உடைந்து கிடந்த அந்தச் சுவர்தான் கணீரென்று பாடியது. கிழக்கு ஊமையாகிவிட்டது. ஒயரைக் காலால் கீலால் இடித்துவிட்டோமோ என்று எழுந்து அலமாரிக்கு ஓடினார். அங்கே போய் நின்றதும் கிழக்கு பாடியது, மேற்கு நின்றுவிட்டது. மறுபடி வாசல் பக்கம் திரும்பினார். மேற்கு. அலமாரிப் பக்கம் திரும்பினார். கிழக்கு. ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற மனுஷன் நடுக்கூடத்தில் சின்னப் பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி நின்றார். பிறகு மெதுவாக வலது உள்ளங்கையைத் தூக்கி வலது காதைப் பொத்தினார். ரெகார்ட் சுழன்றுகொண்டிருந்தது. பாட்டு இல்லை.

பயந்துபோனார். இத்தனை வருஷமும் பீரங்கிக்கு வலப்புறம் நின்றே வேலை பார்த்தவர், இடது காது அதன் பக்கம். என்றைக்குப் போனதென்று தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டும். பயம் அடங்கியதும் அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. இந்த வீட்டில் இரண்டு வருஷமாக யாருமே குசுகுசுக்கவில்லை. எல்லோரும் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

செலின் கூடையும் துடைப்பமுமாகக் கல்லை அள்ள வந்தாள். அவளை இடது பக்கத்தில் நிற்கச் சொல்லி, ஏதாவது பேசு என்றார், காதைப் பொத்தியபடியே. அவள் உதடு அசைந்தது. கையை எடுத்துவிட்டு என்ன பேசினாய் என்று கேட்டார்.

“புத்தி கித்தி பெரண்டு போச்சான்னு கேட்டேன்.”

அவர் சொன்னார். இடது காது செத்துப்போனதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். செலின் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கல்லும் தூளுமாகக் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் ஒரு மனுஷியாவே உங்க கண்ணுக்குத் தெரியலன்னு நெனச்சிட்டு இருந்தேங்க” என்றாள். “நீங்க போறேன்னு சொன்னப்ப, போனாப் போவட்டும்னு கூட நெனச்சிட்டேன்.”

பாஸ்கலுக்கு அழுகை முட்டியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு அவருக்கு ஒரு யோசனையும் வந்தது, மறைப்பானேன். வெளியே யாருக்கும் தெரியாது. காடியைப் பூசி மூடிவிடலாம், ஒயரில் ஏதோ கோளாறு இருந்தது, சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். சொல்தா பாஸ்கல் செவிடு என்று ஊர் சிரிக்க வேண்டியதில்லை. இதை வாய்விட்டும் சொல்லிவிட்டார்.

செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தண்ணிக் குடத்தோடு அந்தப் பேச்சும் இந்நேரம் நாலு தெருவுக்குப் போயிருக்கும் என்றாள், இனி எந்த வீட்டில் அந்தப் பையனை நம்பி உள்ளே விடுவார்கள் என்று கேட்டாள். மொதல்ல அரியூருக்குப் போங்க என்று சைக்கிளை அவளே வாசலுக்குத் தள்ளிவந்து வைத்தாள்.

பலராமன் வீட்டு முன்னால் குழாய் ஸ்பீக்கருக்கு ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். பாஸ்கலைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பாஸ்கல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், தன் காதைத் தொட்டுக் காட்டினார், தப்பு என்னுதுதான் என்றார். பலராமன் தலை நிமிராமல் என்னமோ சொன்னான். அவன் இருந்தது அவருக்கு இடப் பக்கம். மன்னித்தானா, வைதானா, தெரியவில்லை. சரி சரி என்கிற வார்த்தை பாஸ்கலின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை விழுங்கினார். அவனைச் சுற்றி மறுபக்கம் வந்து குனிந்தார்.

“இன்னா சொன்ன? எனக்குக் கேக்கல.”

பலராமன் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது சார். அத்தினி பேர் முன்னால சொன்னீங்க. அத்தினி பேர் முன்னால தான் அந்தச் சொல்ல எடுக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை வந்த சனம் கூடத்தில் நுழைந்ததுமே மேலிருந்து கீழ் வரை பிளந்து கிடந்த சுவரைப் பார்த்து முகம் சுளித்தது. பூசக்கூடாது என்று பாஸ்கல் ஆட்களைத் தடுத்துவிட்டிருந்தார். பலராமனையும் வரச் சொல்லியிருந்தார், குழாயடிப் பெண்களையும் செலினை விட்டுக் கூப்பிட்டிருந்தார். சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கும்போது, ஒரு நிமிஷம் சாமி என்று குறுக்கே வந்து நின்றார். பழைய சொல்தாக்களும் உறவுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பலராமன் போட்ட ஒயர்ல ஒரு கொறையும் இல்ல. நான்தான் அநியாயமா அவன திருடன்னு சொல்லிட்டேன்” என்றார். “எனக்குப் பீச்சாங்கைப் பக்கத்துக் காது கேக்காது. அதான் வெஷயம்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்கலுக்குக் காது மடல் வரை சுட்டது, ஆனாலும் தலையைக் குனியவில்லை. வாசல்படியில் நின்ற பலராமன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அலமாரியிடம் போய், மந்திரிப்பு முடிகிற வரை காத்திருந்து, ரெகார்டில் ஊசியை வைத்தான்.

சனம் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்து வாய் பிளந்தது. பாஸ்கல் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலப் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு செலினைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“மேற்கால பாடுதா?” என்று கேட்டார்.

“பாடுதுங்க.”

அவர் நம்பினார்.