அனுமதிக்குக் காத்திருந்த காட்டுத்தீ

வெளியில் தீ மூட்டத் தடை அறிவித்த மூன்றாம் நாள், மலையின் மறுபக்கத்தை எரித்து முடித்த காட்டுத்தீ ஊர் எல்லைக்கு வந்து, தடைப் பலகையின் முன்னால் நின்றுவிட்டது. காற்று பின்னாலிருந்து தள்ளியும் ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. அலறியடித்துக்கொண்டு ஓடி வந்த தீயணைப்புக்காரர்கள் அடித்த தண்ணீரை வாங்கிக்கொண்டு மரியாதையாக அடங்கியது. அவர்கள் முதுகைத் திருப்பியதும் பழையபடி எழுந்து நின்றது. மதியம்வரை குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பசி தாங்காமல் திரும்பினார்கள். படித்த தீயாக இருக்கும் என்றார் வண்டி ஓட்டுநர். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

பலகையை நட்டவள் ஊரின் தீத்தடை அதிகாரி. காய்ந்த கிளையை எரிக்கலாமா, குப்பையைக் கொளுத்தலாமா என்று யார் வந்து நின்றாலும் முடியாது என்று உதட்டைப் பிதுக்கி அனுப்பிவிடுவாள் என்பதால் ஊர் அவளுக்கு முடியாதம்மா என்று பெயர் வைத்திருந்தது. தடையை எடுத்தால் தீ உள்ளே வந்துவிடும், எடுக்காவிட்டால் வராது என்று அவள் கணக்குப் போட்டாள். ஆகவே மழைக்காலத்திலும் தடை இருந்தது, பனிக்காலத்திலும் இருந்தது. ஊரும் பழகிக்கொண்டது. ஈரத்துணியைத் தீ நின்ற பக்கம் கொண்டுபோய்க் காயவைத்தார்கள். மின்சாரம் போன மாலைகளில் அதன் வெளிச்சத்தில் சீட்டு ஆடினார்கள். வீண் செலவு என்று நகராட்சி அந்தப் பக்கத்துத் தெருவிளக்குகளைக் கழற்றிவிட்டது.

பலகைக்கு இந்தப் பக்கம் முதல் வீடு அவளுடைய தம்பியுடையது. மரவீடு. அவன் தேனீ வளர்ப்பவன். புகை பட்டால் தேனீக்கள் கூட்டை விட்டு ஓட நேரும் என்று பயந்து, வயிறு முட்டத் தேனைக் குடித்துவிட்டு மந்தமாகிவிடும். கொஞ்ச நேரத்தில் தெளிய வேண்டிய மந்தம் அங்கே வருடக்கணக்கில் நீடித்தது. கொழுத்துப்போன தேனீக்கள் பறக்க முடியாமல் பாதையில் நடந்து வீடு திரும்பின; அவன் ஒதுங்கி நின்று வழிவிட்டான். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். அவனைத் தூங்கவிடாமல் செய்தது சருகு. எரிக்க வழியில்லாததால் காடு உதிர்த்ததெல்லாம் அப்படியே தங்கி, முதல் வருடம் கணுக்கால்வரையும் அடுத்த வருடம் முழங்கால்வரையும் ஏறியிருந்தது.

அக்காவின் அலுவலகத்துக்குப் போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றான்.

"அக்கா, அது நல்ல தீ. கேட்டுக்கிட்டு நிக்குது. நாளைக்கு இடி விழுந்து இந்தச் சருகு பத்திக்கிச்சுன்னா, அந்தத் தீ யாரையும் கேக்காது. இதுக்கு ஒரு வழி விடு."

"வழி விட்டா முதல்ல உன் வீடுதான்டா போகும்."

"தெரியும்."

"முடியாது," என்றாள்.

அவன் வாசலைத் தாண்டிப் போனபோது அவள் தலையை நிமிர்த்தவில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஊருக்கு அவள் சட்டம் பேசினாள். உண்மையில் அது பயம், வேறொன்றுமில்லை. தினமும் மாலை அலுவலகத்துச் சன்னல் வழியே தம்பியின் சமையலறை விளக்கைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

நான்காம் கோடையில் ஒரு மாலை விளக்கைக் காணவில்லை. கதவைக்கூடப் பூட்டாமல் ஓடினாள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சருகு சன்னலுக்கு மேலே ஏறி அதை மூடியிருந்தது. கதவுக்கு முன்னால் அவன் வெட்டிவைத்திருந்த சந்து வழியே உள்ளே போனால், தம்பி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். யாரைக் காப்பாற்ற இத்தனை வருடம் முடியாது முடியாது என்றாளோ அவனைத்தான் கழுத்துவரை புதைத்து வைத்திருக்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்தது. அழுகை வந்தது. அவன் சாப்பிடுகிறாயா என்று கேட்டான்.

முதல் தூறல் விழுந்து, காற்று அசையாத ஒரு காலையில் அவள் பலகைக்குப் போனாள். மற்ற மனுதாரர்களிடம் பேசும் குரலிலேயே தீயிடம் பேசினாள்.

"சரி. முழங்காலுக்கு மேல எழக் கூடாது. மரத்துல ஏறக் கூடாது. வீட்டைத் தொடக் கூடாது. இருட்டுறதுக்குள்ள முடிச்சிடணும். ஆள் துணை இல்லாம எரியக் கூடாது, நாங்க கூடவே வருவோம்."

தீ கொஞ்சம் குனிந்தது. பிறகு பலகையைத் தாண்டியது.

அது மேய்கிற ஆடுபோல ஒரே சீராகச் சருகைத் தின்றுகொண்டு வந்தது. வீட்டுக்குச் சருகு வாரும் கோல் ஒன்றின் நீளம் தள்ளி நின்று காத்திருந்தது. தம்பி தரைப்பலகைக்கு அடியில் அடைந்திருந்ததையெல்லாம் வாரி இழுத்துப் போட்டான். அக்கா சன்னலை மூடியிருந்ததைக் கை கையாக அள்ளி வந்து கொடுத்தாள். நடுவில் ஒரு பொறி கூரையில் போய் உட்கார்ந்தது. தீ ஒரே ஒரு முறை சொன்ன அளவைத் தாண்டி எழுந்து, அந்தப் பொறியை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தது. அதிகாரி அதைக் கவனிக்காததுபோல் இருந்துவிட்டாள். இருட்டுவதற்குள் சருகு தீர்ந்தது, தீயும் படுத்தது.

எரித்த இடத்தை விட்டு நகருமுன் வெறுங்கையைச் சாம்பலில் வைத்துச் சூடு இல்லையென்று பார்க்க வேண்டும் என்பது விதி. இருவரும் மண்ணில் உட்கார்ந்து கை வைத்தார்கள். சூடு இருந்தது. ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள், இரண்டு வருடப் பாக்கி.

இப்போதெல்லாம் ஒவ்வொரு வருடமும் முதல் தூறலுக்கு அடுத்த காலை தீ அலுவலகத்துக்கு வந்து வரிசையில் கடைசியாக நிற்கிறது. முன்னால் நிற்பவர்கள் சட்டை பொசுங்காதபடி சற்றுத் தள்ளி நின்றுகொள்வார்கள், அவ்வளவுதான். மாலையில் அக்காவும் தம்பியும் சாம்பலில் கை வைத்து உட்கார்ந்திருப்பதை வேலை முடிந்து போகிறவர்கள் பார்க்கிறார்கள்.

"ஆறிடுச்சா?" என்பாள் அவள்.

"இன்னும் இல்லக்கா," என்பான் அவன், ஆறி வெகு நேரமான சாம்பலைக் கிளறிக்கொண்டே.